ஏறுவதென்றால் குழந்தையை விட்டு விலகுவதா?

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலைத் தமிழ் முடித்த மாணவி ஒருத்தி, மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது, மேற்கொண்டு என்ன படிப்பதென்று என்னிடம் கேட்டாள். மழலையர் கல்விப் பட்டயத்தில் சேர விருப்பம் என்றாள். விடுமுறை நாள்களில் தன் அத்தை பணிபுரியும் அங்கன்வாடிக்குப் போய்ப் போய் அந்த ஆசை வந்ததாம். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வகுப்பிலேயே முதலாவதாக வந்த உனக்கு இது எதற்கம்மா? முதுகலை படி, நெட் எழுது. அதுவும் அமையாவிட்டால் பி.எட். இருக்கவே இருக்கிறது" என்றேன். "சரிங்க ஐயா" என்று போய்விட்டாள்.

அண்மையில் ஒரு திருமண வீட்டில் அவளைப் பார்த்தேன். முதுகலையும் பி.எட்.டும் முடித்துத் தனியார் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்புக்கு வினா-விடை தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "அத்தை ஓய்வு பெற்றுவிட்டார் ஐயா. அந்த மையத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை" என்றாள். அவள் குரலில் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. எனக்குத்தான் அன்று பந்தியில் சோறு இறங்கவில்லை.

இக்கட்டுரை முதலில் எனக்கு எதிரானது. அடுத்து, என்னைப் போலவே அறிவுரை சொல்லிவரும் என் சக பேராசிரியர்களுக்கு எதிரானது. நம் கல்வியமைப்பில் ஓர் ஏணி இருக்கிறது. அதன் அடிப்படியில் மூன்று வயதுக் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. பட்டயம், பட்டம், முதுகலை, முனைவர் என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆசிரியர் அக்குழந்தையிடமிருந்து ஒரு படி விலகுகிறார். உச்சியில் இருக்கும் நாம் குழந்தையின் முகத்தையே பார்க்க வேண்டியதில்லை. அதற்குத்தான் நமக்குக் கூடுதல் சம்பளம். 'மேற்படிப்பு' என்னும் சொல்லில் உள்ள 'மேல்' எதற்கு மேல் என்று நாம் கேட்டுக்கொண்டதே இல்லை.

தமிழ்த்துறைக்காரர்களுக்கு இதில் தனி வெட்கம் இருக்க வேண்டும். பிள்ளைத்தமிழ் என்றொரு சிற்றிலக்கியத்தையே வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஐந்தாம் மாதத்தில் தலைதூக்கி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வாரானை, நிலவை அழைக்கும் அம்புலி என்று குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக உற்றுநோக்கி இலக்கணம் வகுத்தவர்கள் நம் முன்னோர். பத்துப் பருவங்களையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் முதுகலை மாணவரை ஒரு பாலர் வகுப்பில் அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். உடன் நாமும் போனால் நம் நிலையும் அதுதான்.

இத்துறையைக் கட்டியெழுப்பியவர்கள் ஏணியில் ஏற முடியாமல் கீழே தங்கியவர்களா? மரியா மாண்டிசோரி மருத்துவப் பட்டம் பெற்றவர். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போரினால் நாடு திரும்ப இயலாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கிஜுபாய் பதேகா வழக்கறிஞர். நீதிமன்றத்தை விட்டுவிட்டு 1920இல் பாவ்நகரில் பாலர் பள்ளி தொடங்கினார். 'மீசை வைத்த அம்மா' என்றே குஜராத்தில் அவரை அழைத்தார்கள். அவருடைய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. மருத்துவரும் வழக்கறிஞரும் குழந்தையிடம் போனதை 'இறங்கிப் போனார்கள்' என்று எந்த வரலாறும் எழுதவில்லை.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. 'வாசவேச்வரம்' நாவலை எழுதிய கிருத்திகாவை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். அவருடைய மகள் மீனா சுவாமிநாதனை எத்தனை பேர் அறிவோம்? பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி ஆராய நடுவண் அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். 1972இல் வந்த அதன் அறிக்கை, 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு வழிகோலியது. இன்று தெருவுக்குத் தெரு நாம் காணும் அங்கன்வாடிகள் அத்திட்டத்தின் பிள்ளைகள். தாயின் நாவலுக்கு ஆய்வேடு எழுதுகிறோம். மகளின் அறிக்கை நம் பேச்சில் கூட வருவதில்லை.

இனி அரசின் பக்கம் வருவோம். 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை வழிகாட்டு நெறிகளில், 45ஆம் கூற்றில், உட்கார வைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளி முன்பருவக் கல்வியைப் பற்றி, அரசு ஏற்பாடுகள் 'செய்யலாம்' என்ற அளவிலேயே நின்றுவிட்டது. குழந்தைக்கு உரிமை இல்லாத இடத்தில் ஆசிரியருக்குப் பதவி எப்படி இருக்கும்? அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிக்கொடைக்கு அவர்கள் உரியவர்களே என்று அதே நீதிமன்றம் சொல்ல 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் பெறுவதற்குப் பெயர் ஊதியம்கூட இல்லை, 'மதிப்பூதியம்'. நடுவண் அரசு நிர்ணயித்த அத்தொகை 2018இல்தான் மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாயிற்று. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன. சேர்த்தாலும் அதை ஊதியமென்று அழைக்க யாருக்கும் வாய் வருவதில்லை.

தமிழ்நாட்டில் நடந்ததையும் நினைவுகூர வேண்டும். 2019இல் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டு, இடைநிலை ஆசிரியர்கள் அங்கே மாற்றப்பட்டார்கள். அதைப் பதவியிறக்கமாகக் கருதி எதிர்த்த ஆசிரியர்கள் நீதிமன்றம் வரை சென்றார்கள். மூன்று வயதுக்கென்று பயிற்சி தராமல் அனுப்பியது அரசின் பிழை. ஆனால் சிறு குழந்தையிடம் செல்வதே தாழ்வு என்ற எண்ணத்தை அவர்களுக்கு ஊட்டியது யார்? ஏணியின் உச்சியிலிருந்து அறிவுரை சொன்ன நாம்தானே? 2022இல் அவ்வகுப்புகளை மூடுவதாக அறிவிப்பு வந்தது, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது, பின்னர் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நடத்தப்பட்டன. வாழ்வின் அடித்தளம் என்று மேடைதோறும் முழங்கப்படும் வயதுக்குத் தற்காலிக ஆசிரியர்!

"சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் படிப்பு எதற்கு, பாசம் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பாசம் வேண்டும். ஆனால் நோயாளியிடம் மருத்துவருக்குப் பரிவு இருந்தால் போதும் என்று அவர்கள் சொல்வதில்லை. மூன்று வயதில் பேசாத குழந்தை தாமதமாகப் பேசப்போகிறதா, அதற்குக் காது கேட்கவில்லையா என்று கண்டறிய வேண்டும். வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் வேறொரு மொழியும் கேட்கும் குழந்தையின் மௌனத்தைப் படிக்க வேண்டும். பென்சில் பிடிக்க விரல் பழகாத கையில் கோடு போட்ட நோட்டைத் திணிக்கும் பெற்றோருக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். இவை பாசத்தால் மட்டும் வருவன அல்ல. இதை ஏற்றுக்கொண்ட 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைகூட, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம் என்று வகுத்து, அதையும் தொலைக்காட்சி வழியும் கைப்பேசி வழியும் கற்பிக்கலாம் என்கிறது. அழும் குழந்தையைத் தூக்கும் முறையை எந்த அலைவரிசையில் ஒளிபரப்புவார்கள்?

இப்போது அந்த மாணவி மீண்டும் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு படிக்கும் பள்ளி முன்பருவக் கல்விப் பட்டயத்துக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளில் இடமுண்டு. சேரும் நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பார் என்பேன். மூன்று மாதத்தில் சான்றிதழ் என்று சுவரொட்டி ஒட்டும் இடங்களில், குழந்தைகளோடு எத்தனை நாள் இருக்க விடுவார்கள் என்று கேள், பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடு என்பேன். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டுமானால் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டயம் இருக்கிறது. மேலும் ஆழமாகப் போக வேண்டுமானால் மனையியல் கல்லூரிகளில் மனித மேம்பாட்டுத் துறை இருக்கிறது. அங்கே முதுகலை முடித்தபின் குழந்தைகளிடமே திரும்பி வா என்பேன். உன் தமிழ்ப் பட்டம் வீண் என்று யாரும் சொல்ல விடாதே. கதையும் பாட்டும் விடுகதையும் தெரிந்த ஆசிரியரைவிட அந்த வயதுக்கு வேறு யார் வேண்டும்?

சம்பளத்தைப் பற்றி அவளிடம் பொய் சொல்ல மாட்டேன். குறைவுதான். குடும்பத்தைத் தாங்க வேண்டிய பிள்ளையிடம் தியாகம் செய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கல்லூரி ஊதியத்தை வாங்கிக்கொண்டு பிறருக்குத் தியாகத்தைப் பரிந்துரைப்பதுபோல் கீழ்மை வேறில்லை. ஆகவே கோரிக்கையை அவளிடம் வைக்காமல் நம்மிடமும் அரசிடமும் வைக்கிறேன். மதிப்பூதியம் என்ற சொல் ஒழிய வேண்டும். மழலையர் ஆசிரியருக்கு மற்ற ஆசிரியர்களுக்கு உள்ளதுபோல் நிரந்தரப் பணியும் ஊதிய விகிதமும் வேண்டும். அவர் மேற்படிப்புப் படித்தால், வகுப்பை விட்டுப் போகாமலேயே அப்படிப்புக்குரிய உயர்வு கிடைக்க வேண்டும். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் அங்கன்வாடிப் பாயில் உட்கார்ந்து காக்கைக் கதை சொல்வதைக் கண்டு ஊர் வியக்காத நாள் வர வேண்டும்.

அதுவரை, மழலையர் கல்வி படிக்கட்டுமா என்று கேட்டு வரும் மாணவரிடம் "உனக்கு எதற்கு இது?" என்று கேட்பதையாவது நிறுத்துவோம். அந்தக் கேள்வியை நான் ஒருமுறை கேட்டேன். ஓர் ஊரின் குழந்தைகளுக்கு இன்னும் ஆசிரியர் வரவில்லை.