அறளை பெயர்ந்தோரும் அண்டை அயலாரும்

முதுமையில் அறிவு மயங்குதலை யாழ்ப்பாணத் தமிழர் 'அறளை பெயர்தல்' என்பர். நம் பாகலூர்ப் பக்கத்தில் வழங்கும் கன்னடத்திலோ, அறுபது வயதிற்கு 'அரளு மரளு' என்றொரு பழமொழி உண்டு. இவ்விரண்டும் ஒலியிலும் பொருளிலும் இங்ஙனம் ஒத்துநிற்பதன் காரணத்தை ஆராயப் புகின் அது வேறொரு கட்டுரையாய் விரியும். தமிழ் மாணாக்கனுக்குச் சொல்லாராய்ச்சி இனிக்குமாயினும் அதனை ஈண்டு நிறுத்துகின்றேன். யான் கூறக் கருதியது, நம்மவர் இம்மயக்கத்தை மூப்பின் இயல்பென்றே கொண்டுவிட்டனர் என்பதாம். நரை வருதல்போல இதுவும் வரும் என்பது அவர் துணிபு. அத்துணிபு பிழையானது.

1901-ஆம் ஆண்டில், ஜெர்மனி தேசத்துப் பிராங்பர்ட் நகரில், 51 வயதுடைய மாதொருத்தியை இல்லத்தில் வைத்துக் காக்கவியலாத அவள் கணவர் மருத்துவமனையிற் கொண்டு சேர்த்தார். அவளை ஆய்ந்த அல்ஸைமர் என்னும் மருத்துவர், அவள் இறந்தபின் மூளையிற் கண்ட மாறுதல்களை 1906-இல் டூபிங்கன் நகரத்துக் கூட்டத்தில் எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே இன்று வழங்கும் அந்நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இதுகாறும் இல்லை. ஆயினும் மறதிநோய்கள் பலவகைப்படும். தைராய்டுச் சுரப்பின் குறையாலும் பி12 உயிர்ச்சத்தின் குறையாலும் நேரும் மயக்கம் மருந்தினால் நீங்கவும் கூடும். 'வயதாயிற்று, என் செய்வது' என்று வாளாவிருப்போர் தீர்க்கத்தக்கதனையும் தீராமல் விட்டுவிடுகின்றனர் அன்றோ! நம் நாட்டில் 60 வயதிற்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இத்தகைய நோய்களால் வருந்துவதாக 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. நகரத்தாரினும் நாட்டுப்புறத்தாருக்கும், ஆடவரினும் பெண்டிருக்கும் இது மிகுதி என்பதும் அவ்வாராய்ச்சியின் முடிபு.

இனி நம் ஊரை நோக்குவோம். ரோஜாத் தோட்டங்களும் காய்கறி வயல்களும் சூழ்ந்த பாகலூர், ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர்ப் பல ஊராரும் வந்து குடியேறும் இடமாயிற்று. லைன் வீடுகளிற் கணவன் ஒரு ஷிப்டும் மனைவி ஒரு ஷிப்டுமாகப் பிழைப்போர் பலர். சொந்த ஊரில் தனித்திருக்கவியலாத தாயையோ தந்தையையோ இவர்கள் அழைத்துவந்து உடன் வைத்துக்கொள்கின்றனர். பிறந்த ஊரில் கிணறும் வேம்பும் வழிகாட்ட ஒருவாறு நடமாடிய கிழவர், ஒரே நிறமுடைய பத்துக் கதவுகளுள் தம் கதவு யாதென்று அறியாது திகைக்கின்றார். வீட்டுக்காரர் தெலுங்கர், அடுத்த வீட்டார் கன்னடர், கடைக்கோடி அறையிலிருப்போர் இந்தி பேசுவோர். இவர் வழி கேட்பது யாரை? சற்றுத் தொலை நடந்தால் கர்நாடக எல்லை. தேடுகின்ற காவல் நிலையம் ஒரு மாநிலத்தது. கிழவர் அமர்ந்திருக்கும் மரத்தடி மற்றொரு மாநிலத்தது. இதற்கஞ்சியே பலர் வெளிப்புறம் பூட்டிவிட்டு வேலைக்குச் செல்கின்றனர்.

பூட்டியவரைப் பழித்தல் எளிது. மேடைதோறும் நம் பெரியோர் அதனைச் செய்தே வருகின்றனர். 'அக்காலத்துக் கூட்டுக் குடும்பம்' என்று தொடங்கும் சொற்பொழிவைக் கேளாதார் நம்முள் யாவர்? பெற்றோரைப் பேணாதாரை ஒறுக்க 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அது கைவிட்டாரைத் தண்டிக்கும். கைவிடாது களைத்தாருக்கு ஒரு கை கொடுக்குமா? இரவெல்லாம் உறங்காத மாமியாரைக் காத்துவிட்டு, விடியலில் கம்பெனிப் பேருந்துக்கு ஓடும் மருமகளுக்கு வேண்டுவது அறவுரையன்று. இரண்டு மணி நேர உறக்கம்.

அவ்வுதவி ஆகாததொன்றன்று. கோவாவில் மருத்துவர் அமித் டயஸ் முதலானோர், மறதிநோயர் வாழும் இல்லங்கட்குப் பயிற்சி பெற்ற உள்ளூராரை அனுப்பி, பேணும் முறையைக் கற்பித்தும் குறைகேட்டும் வரச் செய்தனர். பேணுவோரின் மனத்துயர் அதனாற் குறைந்தமையை 2008-இல் வெளியிட்டனர். கேரளத்திலோ, 1992-இல் தோன்றிய அல்ஸைமர் சங்கம் பின்னர்ப் பல நகரங்களிற் கிளைத்தது. ஜப்பானியர் முதற்கண் சொல்லையே மாற்றினர்: மடமையென்னும் பொருள்படும் பழம்பெயரை 2004-இல் நீக்கி வேறு பெயரிட்டனர், அடுத்த ஆண்டு முதல் கடைக்காரர்க்கும் பள்ளிச் சிறார்க்கும் இந்நோயைப் பற்றிச் சிறு பயிற்சி அளித்து வருகின்றனர். நாமோ இன்னும் 'பைத்தியம்' என்கின்றோம்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூர்ச் சாலையிலேயே நிற்கின்றது. நோயை அறியவும் மருந்து பெறவும் அது போதும்; எனினும் ஒவ்வொரு முறை சென்று மீள்வதும் ஒரு நாட்கூலியை விழுங்கும். நாடோறும் வேண்டும் துணை வீட்டருகிலேயே கிடைத்தல் வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கப்பெற்றது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலேயே ஆகும். குருதியழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் மருந்து கொண்டு வீடுதோறும் வரும் அப்பெண் தன்னார்வலர்கள், அம்முதியோர் பெயரையும் நாளையும் மறக்கின்றனரா என்று இரண்டு வினா மிகுதியாகக் கேட்டால் என்ன? அவ்விரு நோய்களும் மறதிநோய்க்கு வழிகோலுவன என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. அதற்கேற்ற பயிற்சியும் ஊதியமும் அவர்கட்கு அளித்தல் அரசின் கடன். ஊதியமின்றிச் சுமை ஏற்றுதலை யான் வேண்டேன்.

எஞ்சியது ஊரார் பங்கு. திருமண மண்டபங்களும் கோயில் மண்டபங்களும் தேவாலயக் கூடங்களும் கிழமை நாட்களிற் பூட்டியே கிடக்கின்றன. ஆண்டுதோறும் முன்னைய குழியிலேயே மரக்கன்று நடும் நம் நாட்டு நலப்பணி மாணாக்கர், இருவர் இருவராக முறைவைத்து, அக்கூடமொன்றில் முதியோருடன் அமர்ந்திருக்கலாம். முதல் ஷிப்டினர் வீடு திரும்புமுன்னரே இரண்டாம் ஷிப்டினர் புறப்படவேண்டியிருக்கின்றது. அவ்விடைப்பட்ட பொழுதிற்கு மாத்திரம் முதலில் தொடங்கினாலும் சாலும். முதியோர் சட்டைப் பையில் வைக்கும் முகவரிச் சீட்டைத் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழியிலும் எழுதும் வேலையைத் தமிழ் வகுப்பினராகிய நாங்கள் ஏற்றுக்கொள்கின்றோம். கன்னடத்திற்கும் தெலுங்கிற்கும் எம்முள்ளேயே ஆட்கள் இருக்கின்றனர்.