பஸ் நிலையம் யாருக்கு?

தஞ்சை நகரம் 2016ல் "ஸ்மார்ட் சிட்டி" பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தத் திட்டத்தில்தான் பழைய பஸ் நிலையம் புதிதாகக் கட்டப்பட்டது. 2025 மார்ச்சோடு திட்டமும் முடிந்தது. கட்டடம் எழும்பிவிட்டது என்பதோடு வேலை தீர்ந்துவிட்டதா?

பஸ் வந்து திரும்புவதற்கு மட்டுமா பஸ் நிலையம்? ஆலையிலிருந்தும் வயலிலிருந்தும் வருகிறவர்களுக்கு அதுவே ஊர்த் திண்ணை. கூலி நிலவரம் பேசப்படுவதும், ஒருவர் பத்திரிகை படிக்க நாலு பேர் கேட்பதும் அங்கேதான். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களுக்கு டிக்கெட் காசு மிச்சம், நல்லது. ஆனால் சேறு காயாத காலோடு அவர்கள் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

பம்பாய் பரேலில் 2022ல் நடந்ததைப் பாருங்கள். சேனாபதி பாபட் சாலை மேம்பாலத்தின் அடியில் சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு உட்காரும் இடம், சிறு அரங்கு, தேகப்பயிற்சிக் களம், படிக்க ஒரு மூலை, செடிகொடிகள் அமைத்தார்கள். நெதர்லாந்தின் எம்.வி.ஆர்.டி.வி. என்ற கட்டடக்கலை நிறுவனமும் ஸ்டூடியோபாடும் வரைந்த திட்டம் இது. மேலே வண்டி ஓடுகிறது. கீழே மனிதர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். கெட்டிக்கார வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் இதற்கு ஏற்பாடு செய்தது ஓர் ஆபீஸ் கட்டடக் கம்பெனி. அந்த வட்டாரம் முழுதும் ஒரு காலத்தில் பஞ்சாலைகள். 1982ல் பம்பாயின் சுமார் 2½ லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிற்பாடு ஆலைகள் மூடின. ஆலை நிலங்களில் கண்ணாடி மாளிகைகள் எழும்பின. தொழிலாளி வெளியேறிய பிறகு பூங்கா வந்தது! நமக்கு வேண்டியது, அவன் இருக்கும்போதே வருகிற பூங்கா.

பூக்காரியும் கடலை வண்டிக்காரரும் இல்லாத பஸ் நிலையம் வெறும் கொட்டகை. அழகுபடுத்துகிறோம் என்று அவர்கள் கூடையைத் தூக்கி எறிவதற்கு என்ஜினீயர் எதற்கு? போலீஸே போதுமே! 2014ஆம் வருடத்துச் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுக் கோடு போடட்டும்.

தஞ்சையானாலும் கும்பகோணமானாலும் மன்னார்குடியானாலும் நாம் கேட்பது இதுதான்: சாய்ந்து உட்கார பெஞ்சு, குடிதண்ணீர், இரவிலும் விளக்கெரியும் இலவசக் கழிப்பறை, பத்திரிகை மேஜை, மாலையில் பாட்டோ கூட்டமோ நடத்த ஒரு சிறு மேடை. அடுத்த பஸ் நிலையத்தின் வரைபடம் கண்டிராக்டர் கைக்குப் போகுமுன், ஒரு மாத காலம் பழைய நிலையத்தின் சுவரில், தமிழில், ஒட்டப்பட வேண்டும்.