சிறியவர் என்றால் யார்?



தோட்டத்தில் பிறந்து, ஜொகூர் பாலம் கடந்து, சிங்கப்பூரில் தொழில் கற்றுச் சொந்தப் பட்டறை வைத்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அப்படி ஒரு பிள்ளை, செம்பனைக் குலை வெட்ட இலேசான இயந்திரக் கத்தி ஒன்றைச் செய்ய நினைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நீண்ட கம்பைத் தூக்கி அண்ணாந்தே வெட்டி, அப்பாவின் கழுத்தும் தோளும் தேய்ந்ததைக் கண்ட பிள்ளை அவன். ஜெர்மனியில் சிறிய மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்று, சேர்ந்து செய்வோம் என்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் யார் தருவார்?

வழி இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 1985-இல் தொடங்கிய யுரேகா என்ற கூட்டமைப்பு, சிறு கம்பெனிகளுக்கென்றே 2008 முதல் யூரோஸ்டார்ஸ் என்ற திட்டத்தை நடத்தி வருகிறது. ஐரோப்பாவுக்கு வெளியே கனடா, தென் கொரியா, தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர் ஆகியவையும் இதில் சேர்ந்திருக்கின்றன. மலேசியா சேரவில்லை. அதனால் நம் பக்கத்துப் பட்டறை இந்தக் கூட்டில் சேர்ந்தாலும், தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பணம் எல்லை தாண்டி வருவதில்லை. ஜெர்மன் கம்பெனிக்கு ஜெர்மனி கொடுக்கும். சிங்கப்பூர்க் கம்பெனிக்குச் சிங்கப்பூர் கொடுக்கும். அதுவும் வழக்கமாகச் செலவில் ஒரு பகுதிதான். மீதியைப் போடக் கையில் தெம்பு இருக்கிறதா என்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

சரி, யார் தகுதி உடையவர்? கூட்டுக்குத் தலைமை தாங்குவது புதுமை செய்யும் சிறு அல்லது நடுத்தரக் கம்பெனியாக இருக்க வேண்டும். வேலையாட்கள் 250-க்குக் குறைவு. அத்துடன் ஆண்டு விற்பனை 5 கோடி யூரோவுக்கு மேற்படாமலோ, மொத்தச் சொத்துக் கணக்கு 4 கோடியே 30 லட்சம் யூரோவுக்கு மேற்படாமலோ இருக்க வேண்டும்.

"நம் பட்டறையில் 40 பேர்தானே, கவலை என்ன?" என்று கேட்பீர்கள். கவலை அங்கேதான் இருக்கிறது! உங்கள் ஆட்களை மட்டும் எண்ணமாட்டார்கள். உங்களில் பங்கு வைத்திருப்பவர் யார் என்றும் பார்ப்பார்கள். 1,000 பேர் வேலை செய்யும் பெரிய கம்பெனி ஒன்று உங்கள் பட்டறையில் 30 விழுக்காடு பங்கு வாங்கியிருந்தால், அவர்களுடைய ஆட்களில் 30 விழுக்காடு, அதாவது 300 பேர், உங்கள் கணக்கில் ஏறுவார்கள். 40-உம் 300-உம் 340. நீங்கள் சிறியவர் இல்லை! பங்கு பாதிக்கு மேல் போனால் 1,000 பேரும் உங்கள் தலையில்தான். 25 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இந்தக் கணக்கு வராது. சில விதிவிலக்குகளும் உண்டு, கேட்டறிந்துகொள்வது நல்லது.

கூட்டுக்கும் நிபந்தனைகள் உண்டு. குறைந்தது இரண்டு நாடுகளிலிருந்து, ஒருவரை ஒருவர் சாராத இருவர் வேண்டும். ஒரே முதலாளியின் கம்பெனிகள் இரு கரையிலும் இருந்தால் அது கூட்டு ஆகாது. மொத்தச் செலவில் எந்த ஒரு கம்பெனிக்கும் எந்த ஒரு நாட்டுக்கும் 70 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. பாதியாவது சிறு கம்பெனிகளின் பங்காக இருக்க வேண்டும். 36 மாதத்துக்குள் ஆராய்ச்சியை முடித்து, அதன்பின் 24 மாதத்துக்குள் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். போர்க்கருவிக்கு இடமில்லை.

சிங்கப்பூர்ப் பக்கம் விண்ணப்பங்களைப் பார்ப்பது எண்டர்பிரைஸ் சிங்கப்பூர். அது தன் மானியங்களுக்குப் பொதுவாக, குறைந்தது 30 விழுக்காடு பங்கு சிங்கப்பூர்க் குடிமக்களிடமோ நிரந்தரவாசிகளிடமோ இருக்க வேண்டும் என்று கேட்கும். இந்தப் பக்கத்திலிருந்து போன பிள்ளைகள் இதை மறந்துவிடக் கூடாது.

பெற்றோர்களே, இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? பணமுடை வந்தால் பிள்ளை முதலில் செய்ய நினைப்பது, பெரிய கம்பெனிக்குப் பங்கை விற்பது. அப்போது உங்களிடம்தான் யோசனை கேட்பான். "கையெழுத்துப் போடுமுன் விழுக்காட்டைப் பார், ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பங்கை விற்றே ஆக வேண்டும் என்றால் விற்கட்டும், தவறில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தால் எந்தக் கதவு மூடும் என்று தெரிந்து விற்கட்டும். தரகர் எவராவது "எல்லாம் நான் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்டால், கொடுக்குமுன் அலுவலகத்துக்கே நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியோர். ஆழம் தெரிந்தபின் கரையிலேயே நிற்கவும் வேண்டாம். அடுத்த இதழில் சந்திப்போம்.