‘ஸாக் ஓல்’ என்றால் ‘நன்றி’ அல்ல

அஸர்பைஜானி மொழியின் அன்றாட உபசாரச் சொற்களைக் கற்க விழையும் தமிழருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலக் கையேடுகளே. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அஸர்பைஜானிச் சொல். அதை நாம் மனத்துக்குள் தமிழாக்கிக்கொள்கிறோம். ‘ஸாக் ஓல்’ என்றால் தேங்க் யூ, ஆகவே நன்றி. ‘ஸெஹ்மெத் ஓல்மஸா’ என்றால் ப்ளீஸ், ஆகவே தயவுசெய்து. முடிந்தது பாடம். இப்படிக் கற்பதைவிடக் கற்காமலே இருப்பது மேல் என்பது என் கட்சி.

‘ஸாக்’ என்றால் உயிருடன், நலமாக, முழுமையாக. ‘ஓல்’ என்றால் இரு. நலமாயிரு என்பதே அதன் பொருள். விடைபெறும்போதும் அதையேதான் சொல்கிறார்கள். கையேட்டை மட்டும் நம்பியவர், வாசலில் நின்று எதற்காக நமக்கு நன்றி சொல்கிறார்கள் என்று குழம்புவார். நம் ஊரில் பேருந்தில் இடம் கொடுத்தவனிடம் ஒரு பாட்டி ‘நன்றி’ என்றா சொல்கிறாள்? ‘நல்லா இருப்பா’ என்கிறாள். அதுதான் ‘ஸாக் ஓல்’. நம் வீட்டிலேயே இருந்த ஒரு சொல்லை ஆங்கிலத் தரகர் வழியாக வாங்கி, மேடைப் பேச்சின் ‘நன்றி’யாக மாற்றிக்கொண்டுவிட்டோம். ஒரு வேறுபாடும் உண்டு. அதையும் ஆங்கிலம் காட்டாது. தமிழில் மூத்தவர்தாம் இளையவரை அப்படி வாழ்த்தலாம். பாகுவில் பேரனும் தாத்தாவிடம் சொல்லலாம், ‘ஸாக் ஓலுன்’ என்று மரியாதைப் பன்மையில்.

‘ஸெஹ்மெத் ஓல்மஸா’வைப் பிரித்துப் பாருங்கள். ‘ஸெஹ்மெத்’ அரபியிலிருந்து வந்த சொல்; சிரமம் என்று பொருள். ‘ஓல்’ இருத்தல், ‘ம’ எதிர்மறை, ‘ஸா’ நிபந்தனை. ‘சிரமம் இல்லையென்றால்’. வேர்ச்சொல்லின் பின்னே ஒட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேரும் இந்த அமைப்பு தமிழனுக்குப் புதிதா என்ன? ஆங்கிலம் வழியாகப் போகிறவர் இதை மூன்று அசைகளின் இரைச்சலாக மனப்பாடம் செய்கிறார். ‘ஓல்ஸுன்’ என்று முடியும் வாழ்த்துகள் எத்தனையோ. அத்தனையும் நம் இலக்கணக்காரர்கள் வியங்கோள் என்று பெயரிட்டு வைத்திருப்பதற்கு வெகு அருகில் நிற்பவை: வாழ்க, ஆகுக, பெருகுக. உழைத்துக்கொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது ‘யொருல்மயாஸினிஸ்’ என்பார்கள், களைப்படையாதிருப்பீராக. ‘நீ’ வேறு, ‘நீங்கள்’ வேறு என்பதற்கு அங்கே ‘ஸென்’, ‘ஸிஸ்’. இரண்டையும் ஒரே ‘யூ’வுக்குள் அடைத்துவிட்ட மொழியிடமா நாம் மரியாதை கற்கப் போகவேண்டும்?

உறவுமுறையில் இந்த அபத்தம் உச்சத்தைத் தொடுகிறது. முன்பின் அறியாத பெரியவரையும் உறவு சொல்லி அழைக்கும் வழக்கம் அங்கும் உண்டு. தந்தையின் சகோதரர் ‘எமி’, தாயின் சகோதரர் ‘தாயி’, தந்தையின் சகோதரி ‘பீபி’, தாயின் சகோதரி ‘ஹாலா’. பெரியப்பா, சித்தப்பா என்ற மூப்புப் பிரிவினை இல்லை. ஆனால் தந்தை வழி, தாய் வழி என்ற பிரிவினை நம்முடையதே போலத் துல்லியமாக இருக்கிறது. கையேடோ அங்கிள், ஆன்ட்டி என்று இரண்டே வரிகளில் முடித்துவிடுகிறது. (தாய்மாமனுக்குத் ‘தாயி’ என்று பெயர் இருப்பதைக் கண்டு அஸர்பைஜானியரும் தமிழரே என்று நிறுவப் புறப்படும் ஆய்வாளப் பெருமக்கள் தயைகூர்ந்து அமர்ந்துகொள்ளவும். ஒலி ஒற்றுமை தற்செயல்.) அலுவலகத்தில் மேலதிகாரியின் பெயரோடு ‘முஅல்லிம்’ சேர்ப்பார்கள். ஆசிரியர் என்று பொருள். தமிழ் முஸ்லிம்களுக்கு மதரஸாவில் பழகிய சொல். நம் ‘சார்’ செய்யும் வேலையை அது செய்கிறது, கூடுதல் கண்ணியத்தோடு.

ஒரு வாரச் சுற்றுலாவுக்குப் போகிறவனுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். 2025-இல் வெளியான ‘விடாமுயற்சி’யில் அஸர்பைஜானின் நெடுஞ்சாலைகளைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுத்தவர்களிடம் எனக்கு வழக்கில்லை, அவர்கள் சிரித்தாலே போதும். என் வழக்கு ‘மொழி கற்றேன்’ என்று சொல்லிக்கொள்பவர்களோடு, அதிலும் இலக்கியம் படிக்க வந்தவர்களோடு. அன்றாடச் சொற்கள் அற்பமானவை, கவிதைக்கு நேராகப் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள் அவர்கள். ஜலீல் மம்மத்குலுஸாதே 1920 வாக்கில் எழுதிய ‘என் தாயின் புத்தகம்’ என்ற நாடகத்தை அவர்கள் எப்படிப் படிப்பார்கள்? மூன்று சகோதரர்கள். ஒருவர் ருஷ்யக் கல்வி கற்றவர், ஒருவர் பாரசீக மதக்கல்வி, மூன்றாமவர் இஸ்தான்புல். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதில்லை; மூவர் பேச்சும் தாய்க்கு அந்நியம். யார் எந்த மொழியிலிருந்து சொல்லை எடுக்கிறார் என்பதில்தான் நாடகத்தின் சிரிப்பும் துயரமும் இருக்கின்றன. அது காதில் விழாதவருக்கு அங்கே ஒரு குடும்பச் சண்டை மட்டுமே தெரியும்.

இந்த மொழி ஒரே நூற்றாண்டில் எழுத்தை மூன்று முறை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அரபி எழுத்து போய் 1920களில் லத்தீன். 1940 வாக்கில் அதுவும் போய்ச் சிரிலிக். 1991 டிசம்பர் சட்டத்தால் மீண்டும் லத்தீன், அதுவும் 2001 ஆகஸ்டில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஈரானில் இருப்பவர்கள், குடியரசில் இருப்பவர்களைவிட எண்ணிக்கையில் அதிகமானவர்கள், இன்றும் அரபி எழுத்தில் எழுதுகிறார்கள்; அவர்களுடைய பள்ளிகளில் பாரசீகமே பயிற்றுமொழி. பாட்டி எழுதி வைத்ததைப் பேரனால் படிக்க முடியாமல் போகலாம். ஆனால் பாட்டி அவன் முகத்தை வருடிச் சொன்ன ‘கதான் அலிம்’ அவனுக்குப் புரியும். உன் கேட்டை நான் எடுத்துக்கொள்கிறேன். நம் கிழவிகள் குழந்தையின் கன்னத்தை வழித்து நெற்றிப்பொட்டில் விரல் நெரிப்பார்களே, அந்தச் செய்கைக்குச் சொல் கொடுத்தால் இதுதான். இதற்குக் கையேடு தரும் பொருள் ‘டியர்’!

கடைசியாக ஒன்று. ஆங்கிலத்தில் ‘சாரி’ என்பது மன்னிப்புக்கும் ஆகும், துக்கத்துக்கும் ஆகும். அதன் வழி வந்தவர் சாவு வீட்டில் போய் ‘உஸ்ர் இஸ்தெயிரெம்’ என்பார்: மன்னிப்புக் கோருகிறேன். இறந்தவரைக் கொன்றது இவர்தானோ என்று அங்கிருப்பவர்கள் திரும்பிப் பார்க்காமலிருந்தால் அது அவர்களுடைய பெருந்தன்மை. சொல்லவேண்டியது ‘பாஷினிஸ் ஸாக் ஓல்ஸுன்’. உங்கள் தலை நலமாயிருக்கட்டும். முதற்பாடத்தில் ‘நன்றி’ என்று குறித்துக்கொண்ட அதே ‘ஸாக்’ இங்கே இருக்கிறது. இருப்பவர்கள் இருக்கவேண்டும் என்கிறது. தமிழில் இதற்கு நிலைபெற்ற ஒரு சொல் இல்லை. நாம் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம்.