சச்சரவு வரும்போதுதான் உரையாடல் தேவை

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அமைந்த ஊர். நாயக்கர் ஆட்சியில் தங்கள் முன்னோர் கடும் துன்பத்துக்கு ஆளானார்கள், சமயத்தை மறைத்துக்கொண்டு வாழ வேண்டியிருந்தது என்று இப்பகுதிச் சமணர்களின் மரபு சொல்கிறது. அதே செஞ்சியின் நாயக்க மன்னர்தான் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைப் பாதிரியார்களை வரவேற்றார். செஞ்சிக் கோட்டைக்குள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. தேசிங்கு ராஜனுக்காகப் போரிட்டு உயிர்விட்ட முஸ்லிம் நண்பன் மோவுத்துக்காரனை இந்தப் பகுதி மக்கள் கதைப்பாடலில் இன்னும் கொண்டாடுகிறார்கள். துன்புறுத்தல், வரவேற்பு, போர், நட்பு ஆகிய நான்கையும் ஒரே நிலப்பகுதி கண்டிருக்கிறது. ஆகவே, "நாங்கள் காலங்காலமாக அண்ணன் தம்பியாகப் பழகுகிறோம், எங்களுக்கு எதற்கு ரோமாபுரியின் போதனை?" என்று கேட்பவர்களுக்கு இந்த நிலத்தின் வரலாறே பாதிப் பதில். பழகுவது நல்ல காலத்துக்குப் போதும். கெட்ட காலத்துக்கு வேறொன்று வேண்டும். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் உரையாட வேண்டும் என்ற கத்தோலிக்கப் போதனையின் உண்மையான எடை அந்தக் கெட்ட காலத்தில்தான் தெரிகிறது. நாமோ அதை விழா மேடைக்கு உரியதாகச் சுருக்கிவிட்டோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட 'நம் காலத்தில்' என்ற அறிக்கைதான் இந்தப் போதனையின் அடித்தளம். ஆயர்களில் 2,221 பேர் ஆதரித்தும் 88 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். அதன் மூன்றாம் பிரிவு முழுக்க முஸ்லிம்களைப் பற்றியது. ஒரே இறைவனை, இரக்கமும் வல்லமையும் உள்ள படைப்பாளனை, மனிதரோடு பேசியவனை அவர்கள் வணங்குகிறார்கள் என்கிறது. ஆபிரகாமைப் போல இறைவனுக்குப் பணிய முயல்கிறார்கள், இயேசுவை இறைவன் என ஏற்காவிட்டாலும் இறைவாக்கினராகப் போற்றுகிறார்கள், மரியாவுக்கு மதிப்பளிக்கிறார்கள், தீர்ப்பு நாளை எதிர்பார்க்கிறார்கள், தொழுகையையும் தர்மத்தையும் நோன்பையும் உயர்வாகக் கருதுகிறார்கள் என்று தொடர்கிறது. நபிகள் நாயகத்தைப் பற்றியோ குர்ஆனைப் பற்றியோ அது எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால், தான் நம்பாததை நம்புவதாகக் காட்டிக்கொள்ளாத நேர்மை அதில் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது பிரிவின் கடைசிப் பகுதி. நூற்றாண்டுகளாகப் பகையும் பூசலும் இருந்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, கடந்ததை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள உண்மையாக உழைக்க வேண்டும், சமூக நீதியையும் அமைதியையும் விடுதலையையும் சேர்ந்து காக்க வேண்டும் என்று அது கேட்கிறது. பகை இருந்த இடத்தை மனத்தில் வைத்தே இந்தப் போதனை எழுதப்பட்டிருக்கிறது.

1967 முதல் ஆண்டுதோறும் ரமலான் நிறைவுக்கு வத்திக்கானிலிருந்து முஸ்லிம்களுக்கு வாழ்த்துச் செய்தி வருகிறது. 1991இல் வெளியான 'உரையாடலும் அறிவிப்பும்' என்ற ஆவணம், உரையாடலுக்கு நான்கு வடிவங்களைக் காட்டியது: அன்றாட வாழ்வில் அண்டை வீட்டாராக இருப்பது, பொது நன்மைக்காகச் சேர்ந்து செயல்படுவது, அறிஞர்கள் இறையியல் பேசுவது, இறையனுபவத்தைப் பகிர்வது. தமிழகத்தில் நாம் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டோம். ஒரு பாதிரியார், ஒரு இமாம், ஒரு மடாதிபதி, மூன்று சால்வைகள், ஒரு குத்துவிளக்கு, ஒரு நிழற்படம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரே மேடையில் உட்காரவே மறுக்கும் காலத்தில் அந்தப் படத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால், மேடையை விட்டு இறங்கிய பிறகு பங்குத்தந்தையும் ஜமாஅத் தலைவரும் அடுத்த ஆண்டு வரை பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போனால் அது சடங்கு. ராபர்ட் தே நோபிலி காலம் தொட்டு இந்து சமயத்தோடு தமிழகக் கத்தோலிக்கர் நடத்திய உரையாடலுக்கு நீண்ட மரபு இருக்கிறது. வீட்டுத் திண்ணைக்கு எதிரே இருக்கும் இஸ்லாத்தோடு நடத்தியது அதோடு ஒப்பிட்டால் மிக மெலிந்தது.

இந்தப் போதனை நெருப்பில் நின்ற இடம் நம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பின் நட்சத்திர விடுதிகள் ஆகியவற்றில் இஸ்லாமியப் பெயர் சொல்லி வந்த தற்கொலைக் குண்டுதாரிகள் 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர். பூசைக்கு வந்த குடும்பங்கள் குடும்பமாகவே புதைக்கப்பட்டன. அடுத்த ஞாயிறு ஆலயங்களில் பொதுப் பூசை இல்லை. பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில், மே 5 அன்று, நீர்கொழும்பில் கத்தோலிக்கருக்கும் முஸ்லிம்களுக்கும் மோதல் வெடித்தது. முஸ்லிம்கள் மீது கை வைக்காதீர்கள் என்று கர்தினால் மன்றாடினார். அந்தப் பகுதியில் மதுக்கடைகளை மூடச் சொல்லி அரசையும் கேட்டார். மதுக்கடையை மூடு என்பது இறையியல் வாக்கியம் இல்லைதான். ஆனால் கலவரம் எங்கிருந்து கிளம்பும் என்று தெரிந்த ஒரு மேய்ப்பரின் வாக்கியம் அது. என்னைப் பொறுத்தவரை, 1965 அறிக்கைக்கு இதைவிடச் சிறந்த விளக்கவுரை எழுதப்படவில்லை.

மே 13 அன்று குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஒருவர் கொல்லப்பட்டார். ஆகவே ஒருவருடைய வேண்டுகோள் எல்லாவற்றையும் தடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும், குண்டுகளால் அதிகம் இழந்தது கத்தோலிக்கச் சமூகம். பழிவாங்கு என்ற ஒரு சொல் பேராயர் இல்லத்திலிருந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை 1983 இனக் கலவரத்தைக் கண்ட இலங்கைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முஸ்லிம்களைக் காத்த அதே கர்தினால், முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறிய அரசை விடவில்லை. ஆண்டுக்கணக்கில் நீதி கேட்டார். 2023 ஜனவரியில் முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரையாடல் என்றால் வாயை மூடிக்கொண்டு மன்னிப்பது என்று எண்ணுபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேரளத்தின் முனம்பம் இன்னும் சிக்கலான சோதனை. எர்ணாகுளம் மாவட்டக் கடற்கரையில் சுமார் 600 குடும்பங்கள், பெரும்பாலும் இலத்தீன் கத்தோலிக்க மீனவர்கள், விலை கொடுத்து வாங்கிக் குடியிருக்கும் நிலத்தை 2019இல் வக்பு வாரியம் வக்பு சொத்தாகப் பதிவு செய்தது. 1950இல் சித்திக் சேட் என்பவர் கோழிக்கோடு ஃபரூக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் வக்பா, கொடையா என்பதே வழக்கின் வேர். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கேரள ஆயர்களும் இந்திய ஆயர் பேரவையும் 2025இல் வக்பு சட்டத் திருத்தத்துக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள். வீட்டை இழக்கும் அச்சத்தில் இருப்பவனுக்காக ஆயர் பேசாமல் வேறு யார் பேசுவது? அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால், 600 குடும்பங்களின் பட்டா வேறு, நாடு முழுவதும் உள்ள வக்பு சொத்துகளின் நிர்வாகத்தை மாற்றும் சட்டம் வேறு. முன்னதற்காகப் பின்னதை ஆதரிக்கும் முன் முஸ்லிம் தலைவர்களோடு உட்கார்ந்து பேசி முடிக்கும் வழியை இறுதிவரை பார்த்திருக்க வேண்டும். அந்த வழி திறந்தே இருந்தது. 2024 நவம்பரில் முஸ்லிம் லீக்கின் மாநிலத் தலைவர் பாணக்காடு சாதிக்கலி சிஹாப் தங்ஙள் வராப்புழை பேராயர் இல்லத்துக்கே சென்று இலத்தீன் ஆயர்களைச் சந்தித்தார். போதனை கேட்கும் உரையாடல் அதுதான்.

இரு சிறுபான்மையினர், ஒரே அரசியல் நலன், கூட்டணி போதும் என்று சிலர் நினைக்கலாம். தமிழகத்தின் அனுபவம் அதற்கு எதிராக இருக்கிறது. 2007இல் அன்றைய தி.மு.க. அரசு கிறித்தவர்களுக்கு 3.5 விழுக்காடு, முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு என்று இட ஒதுக்கீடு தந்தது. இதனால் தங்களுக்கு இடங்கள் குறைகின்றன என்று கண்ட கிறித்தவர்கள் 2008இலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார்கள்; முஸ்லிம்களுக்கு அது நீடிக்கிறது. இதில் யார் மீதும் தவறில்லை. நலன்கள் பிரியும்போது கூட்டணியும் பிரியும், அவ்வளவுதான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வருவோரில் கிறித்தவரையும் சமணரையும் பெயர் சொல்லிச் சேர்த்த அந்தச் சட்டம் முஸ்லிமை விட்டுவிட்டது. நலன் மட்டுமே கணக்கு என்றால் கிறித்தவர் அமைதியாக இருந்திருக்கலாம். ஆனால் குடியுரிமைக்கு மதம் ஒருபோதும் அளவுகோலாகக் கூடாது என்று இந்திய ஆயர் பேரவையின் அன்றைய தலைவர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ் சொன்னார். தனக்கு வாய்த்த சலுகையைப் பார்த்துத் திருப்தியடையாத அந்தக் குரல் நலனிலிருந்து வரவில்லை.

பக்தியுள்ள கத்தோலிக்கர்களிடமிருந்து வரும் மறுப்பு இதைவிடக் கனமானது. கிறிஸ்துவே உலகின் மீட்பர் என்று அறிவிப்பது திருச்சபையின் கடமை. உரையாடல் அதை நீர்த்துப்போகச் செய்யாதா? இந்தக் கவலையைத் திருச்சபையும் ஒதுக்கவில்லை. உரையாடல் நற்செய்திப் பணியின் ஒரு பகுதி, அதற்கு மாற்று அல்ல என்று இரண்டாம் ஜான் பால் 1990இல் தன் 'மீட்பரின் பணி' சுற்றுமடலில் தெளிவாக எழுதினார். 2000ஆம் ஆண்டில் வந்த 'ஆண்டவர் இயேசு' அறிக்கை இன்னும் கறாராகப் பேசியது. அந்த உறுதியால்தான் உரையாடல் சாத்தியமாகிறது. எதையும் உறுதியாக நம்பாத ஒருவரோடு முஸ்லிம் அறிஞர் எதைப் பேசுவார்? தவறிச் சொன்ன சொல்லும்கூட உரையாடலுக்கு வழிவிடும் என்பதற்குச் சான்று உண்டு. 2006இல் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழக உரையில் திருத்தந்தை பெனடிக்ட் எடுத்தாண்ட ஒரு மேற்கோள் முஸ்லிம் உலகை ஆழமாகப் புண்படுத்தியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் 138 முஸ்லிம் அறிஞர்கள் இறையன்பும் பிறரன்பும் நமக்குப் பொதுவானவை என்று கிறித்தவத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். சண்டை மூட்டியிருக்கக்கூடிய ஒன்றிலிருந்து வந்த கடிதம் அது.

"அவர்கள் நாட்டில் நம்மவர்களை வாழ விடுகிறார்களா?" என்பது அடுத்த கேள்வி. பொய்க் கேள்வி இல்லை. பாகிஸ்தானில் மத நிந்தனைச் சட்டத்தை எதிர்த்த கத்தோலிக்க அமைச்சர் ஷாபாஸ் பட்டி 2011 மார்ச் 2 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கேரளப் பாதிரியார் டாம் உழுன்னாலில் 2016இல் ஏமனில் கடத்தப்பட்டு ஒன்றரை ஆண்டுக்குப் பிறகே விடுவிக்கப்பட்டார். அந்த விடுதலைக்கு உதவியது ஓமன் என்ற முஸ்லிம் நாடு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இஸ்லாமாபாத்தில் நடந்ததற்குத் திண்டிவனத்தில் கடை வைத்திருப்பவர் எப்படிப் பொறுப்பாவார்? அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடமும் உரையாடல் மேசைதான். 2019 பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் திருத்தந்தை பிரான்சிசும் அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல்-தய்யிபும் கையெழுத்திட்ட மனித உடன்பிறப்பு ஆவணத்தில், எல்லாருக்கும் முழுக் குடியுரிமை வேண்டும் என்றும், இழிவாக ஒதுக்கும் பொருளில் 'சிறுபான்மை' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. பாகிஸ்தான் கிறித்தவருக்காகவும் இந்திய முஸ்லிமுக்காகவும் ஒரே நேரத்தில் வாதாட அந்த வரிகள் போதும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் கிறித்தவர் 6.12 விழுக்காடு, முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. திண்டிவனமும் செஞ்சியும் அடங்கிய விழுப்புரம் மாவட்டம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள் வருகிறது. இங்கே செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. ரமலான் செய்தி பங்குகளின் அறிவிப்புப் பலகைக்கும் மறையுரைக்கும் வர வேண்டும். மையவாடிக்கோ கல்லறைத் தோட்டத்துக்கோ பாதைச் சிக்கல் வந்தால், காவல் நிலையத்துக்குப் போகும் முன் பங்குப் பேரவையும் ஜமாஅத்தும் ஒரே அறையில் உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும். குருமாணவர்கள் தமிழ் குர்ஆனில் மர்யம் அத்தியாயத்தையாவது ஒரு ஆலிமோடு அமர்ந்து படிக்க வேண்டும். அபுதாபி ஆவணமோ பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தன்னைப் பாடமாகப் படிக்க வேண்டும் என்று தானே கேட்கிறது. நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பு என்று கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு அறைக்கும் நன்னெறி வகுப்பு என்று மற்றவர்கள் இன்னொரு அறைக்கும் போகிறார்கள். வாரத்தில் ஒரு நாளாவது அந்த ஒரு மணி நேரம் இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்து இந்த ஆவணத்தைப் படிப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. தாளாளரின் ஒரு கையெழுத்து போதும்.