திண்டுக்கல் மாநகராட்சித் தேர்தல்: நம் வார்டுகளில் யாருக்கு, எதற்காக ஓட்டு?

2022 பிப்ரவரி 19-ஆம் தேதி சனிக்கிழமை தமிழகம் முழுவதும் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளுக்கு வாக்குப்பதிவு நடந்தது. 22-ஆம் தேதி எண்ணிக்கை. வாக்குப்பதிவுக்கு முன்பே வேட்புமனு வாபஸ் முடிந்து சின்னங்களும் ஒதுக்கப்பட்டிருந்தன. திண்டுக்கல் நகரில் தெருவுக்கு நாலு ஆட்டோ ஒலிபெருக்கியோடு சுற்றிக்கொண்டிருந்தது.

திண்டுக்கல்லைப் பொறுத்தவரை இந்தத் தேர்தலில் ஒரு புதுமை இருந்தது. 1866-இல் நகராட்சியான ஊர் இது. 2014-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஆனால் 2022 வரை மாநகராட்சிக்கென்று ஒரு தேர்தல்கூட நடந்ததில்லை. 2011-இல் நகராட்சித் தலைவராக வென்ற அ.தி.மு.க.வின் மருதராஜ், ஊர் தரம் உயர்ந்தபோது அப்படியே மேயரானார். 2016 அக்டோபரில் அவர்களின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதமே நடக்கவேண்டிய தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் விதி மீறப்பட்டதாக தி.மு.க. தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சிதான் நடந்தது. சாக்கடை அடைத்தால் யாரிடம் போவது, தெருவிளக்கு எரியாவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமலே மக்கள் பழகிவிட்டிருந்தார்கள். 2016-க்குப் பிறகு 18 வயதான ஒரு தலைமுறைக்கு வார்டு கவுன்சிலர் என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்தது.

பெயர்ப் பலகை மாறியதே தவிர ஊர் விரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2022-இலும் அதே 14 சதுர கிலோமீட்டர், அதே 48 வார்டுகள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,07,327. வார்டுக்குச் சராசரி 4,300 பேர். ஓட்டுரிமை இல்லாத பிள்ளைகளையும், வாக்குச்சாவடிக்கு வராதவர்களையும் கழித்துவிட்டுப் பாருங்கள். ஐந்தாறு பேர் மோதும் வார்டில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு வாங்கினால் கவுன்சிலர் ஆகிவிடலாம். இரண்டு தெருக்காரர்கள் மனம் மாறினால் முடிவும் மாறிவிடும். சட்டமன்றத் தேர்தல் கணக்கை அப்படியே இங்கே தூக்கிவந்து போடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஆளுங்கட்சிக்குச் சாதகம், ஆனால்...

உள்ளாட்சித் தேர்தல் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்கே போகும் என்பது தமிழகத்தில் பழகிப்போன வழக்கம். 2011-இல் அன்றைக்கு இருந்த பத்து மாநகராட்சிகளையும் அ.தி.மு.க. வென்றது. விதிவிலக்குகளும் உண்டு. 2001-இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே நடந்த தேர்தலில், சென்னை மேயராக மீண்டும் வென்றவர், 2022 தேர்தலின்போது முதல்வராக இருந்த ஸ்டாலின். ஆனால் அது மக்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்த காலம். இப்போது கவுன்சிலர்கள் கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். மேயரின் முகத்தைப் பார்த்து ஓட்டுப்போடும் வாய்ப்பு வாக்காளருக்கு இல்லை. 2021 அக்டோபரில் ஒன்பது மாவட்ட ஊரகத் தேர்தலை தி.மு.க. அணி ஏறக்குறைய முழுவதுமாக அள்ளியதையும் சேர்த்துப் பார்த்தால், திண்டுக்கல்லில் 25 வார்டுகளைத் தாண்டுவது அந்த அணிக்குப் பெரிய காரியமல்ல என்றே தோன்றியது.

இருந்தாலும் திண்டுக்கல் நகரம் தி.மு.க.வின் கோட்டை அல்ல. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி முதன்முதலில் வென்றதே 1973 திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில்தான். இரட்டை இலைக்கு இங்கே அரை நூற்றாண்டு வேர் இருக்கிறது. 2021 மே மாதம் மாநிலமே தி.மு.க. பக்கம் சாய்ந்தபோதும், திண்டுக்கல் தொகுதியில் திண்டுக்கல் சீனிவாசன் மார்க்சிஸ்ட் வேட்பாளர் பாண்டியை 17,747 வாக்குகளில் வென்றார். அதற்கு முந்தைய 2016 தேர்தலில் அவரிடம் தோற்றவர் தி.மு.க.வின் பஷீர் அகமது. மாவட்டத்தின் ஏழு தொகுதிகளில் திண்டுக்கல், நத்தம், நிலக்கோட்டை மூன்றும் 2022-இல் அ.தி.மு.க. கையில் இருந்தன.

மக்களிடம் பேசியபோது ஆட்சியின் மீது கோபம் என்று பெரிதாக இல்லை. பெண்கள் நகரப் பேருந்தில் காசில்லாமல் போவது பேசப்பட்டது. அப்போது மனக்குறை இரண்டு. ஒன்று, நகைக்கடன். கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரை தள்ளுபடி என்று சொல்லி ஓட்டு வாங்கினார்கள். ஆய்வு முடிந்தபோது 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களில் 35 லட்சத்துக்கும் மேல் தகுதியற்றவை என்று வந்துவிட்டது. மற்றொன்று, பொங்கல் பரிசுத் தொகுப்பு. 2021-இல் 2,500 ரூபாய் ரொக்கம் கிடைத்தது. 2022-இல் 21 பொருட்கள், அதிலும் உருகி ஒழுகிய வெல்லத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. இதில் திண்டுக்கல்லுக்கென்று ஒரு சங்கடம் இருந்தது. அப்போது கூட்டுறவுத் துறை அமைச்சராக இருந்தவர் ஆத்தூர் தொகுதியின் ஐ.பெரியசாமி. உணவுத் துறை அமைச்சராக இருந்தவர் ஒட்டன்சத்திரத்தின் சக்கரபாணி. மாநிலம் முழுவதும் பேசப்பட்ட இரண்டு குறைகளும் இந்த மாவட்டத்தின் இரண்டு அமைச்சர்களின் துறைகளிலிருந்தே வந்தவை. ஆத்தூரில் 1,35,571 ஓட்டு வித்தியாசத்தில் வென்றவரின் செல்வாக்கு மாநகராட்சி எல்லைக்குள்ளும் செல்லுமா என்பதே 22-ஆம் தேதிக்கான கேள்வியாக இருந்தது. மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை எங்கே என்று வீட்டுப் பெண்கள் அப்போது கேட்டதும் சேர்ந்துகொண்டது.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. கோபத்தைக் காட்ட உள்ளாட்சித் தேர்தலைப் பயன்படுத்துவது எல்லா நாட்டிலும் உண்டு. பிரிட்டனில் 2022 மே 5-ஆம் தேதி கவுன்சில் தேர்தல் நடந்தது. அங்கே அப்போதைய பிரதமர் ஜான்சன் ஊரடங்கு காலத்தில் நடந்த விருந்துகளுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். குப்பை அள்ளுவதற்கு ஓட்டுக் கேட்டுப் போன அவர் கட்சி கவுன்சிலர்கள் அந்தக் கேள்வியைத்தான் வாசல்தோறும் சந்திக்கவேண்டியிருந்தது. அந்த அளவுக்குத் திண்டுக்கல்லில் சூடு இருக்கவில்லை.

பேகம்பூர் பக்கம்

இனி நம் சமுதாயத்தின் பக்கம் வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி நகர மக்களில் நூற்றுக்குச் சுமார் பதினான்கு பேர் முஸ்லிம்கள். 48 வார்டில் கணக்குப் போட்டால் ஆறேழு வார்டுகள். ஹைதர் அலியின் சகோதரி அடங்கியிருக்கும் பேகம்பூரையும் அதைச் சுற்றியும் நம் மக்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். இது பலமும்தான், பலவீனமும்தான். நெருக்கமாக வாழும் வார்டில் நம்மவர் வெல்வது உறுதி. மற்ற வார்டுகளில் நம் ஓட்டு சிதறிக் கிடப்பதால் கட்சிகள் நம்மவருக்கு சீட் கொடுக்கத் தயங்குகின்றன.

சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம் ஓட்டை முடிவு செய்வது ஒரே கேள்விதான்: பா.ஜ.க.வும் அதன் கூட்டாளிகளும் வரவிடாமல் தடுப்பவர் யார்? அதில் தவறில்லை. 2019 டிசம்பரில் மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதாவை ஆதரித்து அ.தி.மு.க. வாக்களித்ததை நம் மக்கள் மறக்கவில்லை. அதே சட்டத்துக்கு எதிராக 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதும் நினைவில் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் கர்நாடகத்திலிருந்து வந்த ஹிஜாப் செய்திகள் அந்தக் காயத்தை மீண்டும் கிளறிவிட்டன. பா.ஜ.க. 2022 ஜனவரி 31-ஆம் தேதி தனித்துப் போட்டி என்று அறிவித்தபோதிலும், தேசிய அளவில் கூட்டணி தொடரும் என்று சொல்லிவிட்டுத்தான் பிரிந்தது. ஆகவே பிரிவை நம்பி நம் ஓட்டு அ.தி.மு.க.வுக்குத் திரும்பிவிடும் என்று அந்தக் கட்சி எதிர்பார்த்தால் அது நடக்காது. தனிப்பட்ட முறையில் நல்ல பெயர் எடுத்த அ.தி.மு.க. வேட்பாளர் நிற்கும் வார்டு மட்டும் விதிவிலக்கு.

ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வார்டில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. அங்கே தாமரை வெல்லப்போவதில்லை. போட்டி நமக்குள்தான். இந்தத் தேர்தலில் தி.மு.க. அணியில் முஸ்லிம் லீக்கும் மனிதநேய மக்கள் கட்சியும் இருந்தன. எஸ்.டி.பி.ஐ. தனித்து நின்றது. பெரிய கட்சிகளும் இத்தகைய வார்டுகளில் நம்மவரையே நிறுத்துவது வழக்கம். சீட் கிடைக்காதவர் சுயேச்சையாக இறங்குவதும் வழக்கம்தான். இப்படிப்பட்ட வார்டில் பாசிசத்தைத் தடுக்க எனக்கு ஓட்டுப்போடுங்கள் என்று எந்த வேட்பாளர் வந்து நின்றாலும், அவரிடம் சாக்கடையைப் பற்றிக் கேட்பதே சரி. பெரிய விஷயத்தைச் சொல்லிச் சின்ன விஷயத்திலிருந்து தப்பிப்பது எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் கைவந்த கலை, நம்மவர்களும் அதில் சேர்த்தி.

சின்ன விஷயம் என்று எழுதிவிட்டேன், அது சின்ன விஷயமில்லை. தோல் பதனிடும் தொழிலால் இந்த வட்டாரத்தில் நிலத்தடி நீர் கெட்டுப்போனது பழைய கதை. அந்தத் தொழிலில் முதலாளியாகவும் தொழிலாளியாகவும் நம் மக்களே நிறைய. அதனால் ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரையும், பேரணைத் தண்ணீரையும், காவிரித் தண்ணீரையும் நம்பித்தான் நகரம் இருக்கிறது. எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் என்பதில் ஒரு கவுன்சிலரின் குரலுக்கு மதிப்பு உண்டு. கபர்ஸ்தானுக்குப் போகும் பாதை, அங்கே ஒரு விளக்கு, மழைநீர் நிற்காத வடிகால் எல்லாமே மாமன்றத்தில் கேட்டுப் பெறவேண்டியவை. ஐந்தாண்டுகளாக அதைக் கேட்க ஆளில்லாமல் இருந்தோம்.

வேட்பாளர்கள் யாரும் வாய் திறக்காத இன்னொரு விஷயம் சொத்து வரி. 2018-இல் உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் 2019-இல் நிறுத்திவைத்தார்கள். மத்திய நிதிக்குழுவோ சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு அறிவித்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்று நிபந்தனை போட்டிருந்தது. ஆகவே யார் வென்றாலும் வரி உயரும் என்பது என் கணிப்பாக இருந்தது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அது வாடகையாக வந்து சேரும். வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

இந்த முறை ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொது வேட்பாளர் என்று ஒருவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்து மற்றவர்களை வாபஸ் வாங்கவைப்பது சில ஊர்களில் நடக்கிறது. ஓட்டுப் பிரியாமல் இருக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்போது, அந்தக் கூட்டத்தில் பெண் ஒருவர்கூட உட்காருவதில்லை. முன்னாள் கவுன்சிலரின் மனைவி, பள்ளிவாசல் நிர்வாகியின் மகள் என்று பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு, வென்ற பிறகு கணவரே கையெழுத்துக்கு ஆள் அனுப்புவதை எத்தனை ஊரில் பார்த்துவிட்டோம். சுயஉதவிக் குழு நடத்தி, ரேஷன் கடையிலும் வங்கியிலும் பேசிப் பழகிய சகோதரிகள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். திண்டுக்கல் மேயர் பதவியே 2022-இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்.

முடிவு எப்படி இருக்கும் என்று கணித்தேன்? மேயர் நாற்காலி தி.மு.க.வுக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மார்க்சிஸ்டுகளைக் குறைத்து மதிப்பிடவேண்டாம். 2001, 2006, 2011 என்று மூன்று முறை, இரண்டு கூட்டணிகளிலும் மாறி மாறி இருந்து, பாலபாரதியை இந்த நகரம் சட்டமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது. அவர்களுக்கு ஒதுக்கிய வார்டுகளில் சொந்த ஓட்டு உண்டு. அ.தி.மு.க. பாதிக்கும் கீழே போகும், ஆனால் துடைத்தெறியப்படாது என்று நினைத்தேன். பா.ஜ.க. தனியாக நின்று எடுக்கும் ஓட்டு பெரும்பாலும் இரட்டை இலையிலிருந்து கழிவது, அதனால் லாபம் தி.மு.க. அணிக்கு. அந்த அணிக்கு உண்மையான தலைவலி சீட் கிடைக்காமல் சுயேச்சையாக நின்ற சொந்தக் கட்சிக்காரர்கள். ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் முடிவாகும் வார்டில் அவர்கள் முந்நூறு ஓட்டுப் பிரித்தாலே போதும்.

2022 மார்ச் 4-ஆம் தேதி கவுன்சிலர்கள் கூடி மேயரையும் துணை மேயரையும் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு நம் வார்டுகளிலிருந்து போனவர்கள் கட்சி சொன்ன பெயரை ஆதரிப்பது வேறு வழியில்லாதது. அதன் பிறகு நடக்கும் மாமன்றக் கூட்டங்களில் அவர்கள் எழுந்து என்ன கேட்கிறார்கள் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.