தேன்சிட்டுக்குப் பெட்டி எதுக்கு?

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் ‘குருவி வீடு’ வாங்கிவந்த பக்கத்து வீட்டு அண்ணன், “நீ இன்ஜினியர்தானே, தாழ்வாரத்துல எங்க மாட்டலாம்?” என்றார். எங்கேயும் வேணாம்ண்ணே என்றேன். அவருக்குக் கோபம்.

நம் புளோக்கைச் சுற்றும் தேன்சிட்டு தொங்கும் பை கட்டும். தையல்சிட்டு இலையைத் தைத்துக்கொள்ளும். இரண்டும் பொந்தில் கூடு வைப்பதில்லை. குக்குறுவான் பட்ட கிளையைத் தானே குடையும். பிறகு பெட்டி யாருக்கு? துளை பெரிதென்றால் ஜாவா மைனாவுக்கு. அதற்கு இங்கே என்ன குறைச்சல்? சிறிதென்றால், மிஞ்சிப்போனால் சிட்டுக்குருவி.

பெட்டியே தப்பு என்று சொல்லவில்லை. 1994இல் புலாவ் உபினில் இருவாச்சி மறுபடி தென்பட்டது. பெண் பறவை உள்ளே புகுந்து வாசலை அடைத்து அடைகாக்கும் அளவுக்குப் பெரிய பொந்து வேண்டும். அப்படிப்பட்ட கிழட்டு மரங்கள் போதவில்லை. அந்தக் குறையைப் பெட்டி தீர்த்தது, பறவை பெருகியது. முதலில் பறவை, பிறகுதான் தச்சு வேலை.

நாமோ பட்ட கிளையை ‘அசிங்கம்’ என்று புகார் செய்து வெட்டவைத்துவிட்டு, பலகைப் பெட்டி வாங்குகிறோம். ஆபத்தில்லாத இடத்திலாவது அதை விட்டுவைக்கச் சொல்லலாமே. தாழ்வாரத்தில், நடைவழி மறையாமல், ரெண்டு தொட்டிச் செடி வைக்கலாமே.

அண்ணன் இப்போது அந்தப் பெட்டியில் சாவி போட்டு வைக்கிறார்.